மரத்துப்போகும் ஊசியும் பழைய தழும்புகளும்

நான் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ். நாகர்கோவிலில் படித்து, சென்னையில் சில வருஷம் இருந்துவிட்டு, இப்போது ஜெர்மனியில் ரைன் நதிப் பக்கம் ஒரு எலும்பு மருத்துவமனையில் இருக்கிறேன். என் கையில் அதிகம் புழங்குவது மரத்துப்போகச் செய்யும் மருந்துகள்தான். நம்மூரில் லிக்னோகெயின், ஜைலோகெயின் என்று சொல்கிற அதே மருந்து இங்கே லிடோகெயின். அதோடு புபிவகெயின், ரோபிவகெயின். நோயாளியின் எடை பார்த்து, அளவு கணக்குப் போட்டு, சிரிஞ்சில் லேபிள் ஒட்டி டாக்டர் கையில் கொடுப்பது என் வேலை. கை ஆபரேஷன் என்றால் அக்குளில் ஒரு ஊசி, கால் என்றால் முதுகில் ஒரு ஊசி. மருந்து இறங்கிவிட்டால் அறுத்தாலும் தெரியாது, மரப்பு விட்டால் வலி திரும்பும். எனக்குப் பாடமாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

இதே மருந்தை வைத்து ஒரு மாற்று மருத்துவம் இந்த நாட்டில் நூறு வருஷமாக நடக்கிறது என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அதன் பெயர் நியூரல் தெரபி. மரத்துப்போகிற மருந்தைக் கொஞ்சமாகத் தோலிலும், தழும்பிலும், பல் ஈறிலும், நரம்பு முடிச்சுகளிலும் ஏற்றுவார்கள். அந்த இடத்தை மரக்கடிப்பது அவர்களுடைய நோக்கம் இல்லை. உடம்பில் எங்கோ இருக்கும் ஒரு 'தொந்தரவுப் புள்ளி' வேறெங்கோ வலியை உண்டாக்குகிறது, அந்தப் புள்ளியை ஒரு தடவை அடக்கிவிட்டால் நரம்பு மண்டலம் தானே ஒழுங்குக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை.

நோயாளிகளைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைத்தே எனக்கு வலது தோளிலும் கழுத்திலும் வலி பிடித்துக்கொண்டது. கூட வேலை செய்யும் ஒரு ஜெர்மன் அக்கா, "எங்க டாக்டரைப் போய்ப் பாரு, அவர் ஊசி போட்டால் எனக்கு இடுப்பு வலி ஒரு மாசம் எட்டிப் பார்க்காது" என்றார். அவர் முறையாக எம்.பி.பி.எஸ். மாதிரிப் படித்த குடும்ப டாக்டர். நியூரல் தெரபியைக் கூடுதலாகக் கற்றவர். இது இங்கே ஒரு முக்கியமான விஷயம். நம்மூரில் மாற்று மருத்துவம் என்றால் தனிப் படிப்பு, தனிக் கிளினிக். இங்கே பெரும்பாலும் அலோபதி டாக்டரே ஒரு கையில் ஆன்டிபயாடிக் எழுதுவார், மறு கையில் தழும்பில் ஊசி போடுவார்.

நான் போனபோது அந்த டாக்டர் கேட்ட கேள்விகளை மறக்க முடியவில்லை. டான்சில் எடுத்திருக்கிறீர்களா? அப்பெண்டிக்ஸ்? கடைவாய்ப் பல் பிடுங்கியதுண்டா? வேர் சிகிச்சை செய்த பல் எது? சின்ன வயதில் தடுப்பூசி போட்ட இடம் பழுத்ததா? பிரசவம் எப்படி, தையல் எங்கே? ஒவ்வொரு தழும்பையும் விரலால் நீவிப் பார்த்தார். எங்கே இறுகியிருக்கிறது, எங்கே தொட்டால் கூசுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். என் சிசேரியன் தழும்பின் இடது முனையில் கொஞ்சம் உணர்வு குறைவு. மகள் பிறந்ததிலிருந்து அப்படித்தான். பிரசவம் பார்த்தவர்கள் உட்பட ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. ஒரு தோள் வலிக்காகப் போனவளிடம் இவர் கேட்டார்.

ஊசி மிக மெல்லியது. மருந்து ஒரு சதவீத புரோகெயின், மரத்துப்போகச் செய்யும் பழைய மருந்து. கழுத்தின் இரு பக்கமும், தோள்பட்டையைச் சுற்றியும் தோலுக்குள்ளேயே சின்னச் சின்னத் தடிப்புகளாக வரிசையாகப் போட்டார். பி.சி.ஜி. போட்டதும் எழும் தடிப்பு போலத்தான் இருந்தது. அப்புறம் சிசேரியன் தழும்பின் நீளத்துக்கும். எரிச்சல் கொஞ்சம், வலி பெரிதாக இல்லை. அன்று சாயங்காலம் கழுத்து லேசாகத் திரும்பியது. நன்றாகத் தூங்கினேன். அந்த வாரக் கடைசியில் வலி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அடுத்த தடவை போனபோது, டான்சில் இருந்த இடத்தில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இதன் கதையைத் தோண்டிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மரத்துப்போகிற மருந்தின் வரலாறே ஜெர்மன் பேசும் நாடுகளில் ஆரம்பிக்கிறது. 1884ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் கண் மருத்துவர், கோக்கெயின் கரைசலைச் சொட்டுவிட்டால் கண் மரத்துப்போகிறது என்று காட்டினார். அதுவரை கண் ஆபரேஷன் என்றால் நோயாளியைப் பிடித்து அமுக்கிக்கொள்ள ஆள் வேண்டும். ஆனால் கோக்கெயின் போதையாகவும் விஷமாகவும் ஆளைக் கொன்றது. 1904ல் ஆல்ஃபிரெட் ஐன்ஹார்ன் என்ற வேதியியலாளர் புரோகெயினை உருவாக்கினார். நோவகெயின் என்ற பெயரில் அது உலகமெல்லாம் போனது. நம்மூர் மூத்த நர்ஸ்களுக்குப் புரோகெயின் என்ற பெயர் 'புரோகெயின் பென்சிலின்' ஊசியில் இருந்து தெரிந்திருக்கும். ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரன் கண்டுபிடித்த லிடோகெயின் 1948ல் விற்பனைக்கு வந்த பிறகு புரோகெயின் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கியது. நியூரல் தெரபிக்காரர்கள் மட்டும் அதை விடவில்லை.

நியூரல் தெரபியின் தொடக்கம் 1925. ஃபெர்டினாண்ட் ஹூனெகே, வால்டர் ஹூனெகே என்று அண்ணன் தம்பி இரண்டு பேர், இருவரும் டாக்டர்கள். அவர்களுடைய சகோதரிக்குப் பல வருஷமாக ஒற்றைத் தலைவலி. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. ஒரு நாள் தலைவலி உச்சத்தில் இருக்கும்போது ஃபெர்டினாண்ட் அவருக்கு வாத வலிக்கான அட்டோஃபனில் என்ற மருந்தை நரம்பில், அதாவது ரத்தக் குழாயில், ஏற்றினார். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே தலைவலி போய்விட்டது. ஏன் என்று ஆராய்ந்தபோது, அந்த மருந்தில் இரண்டு வகை இருந்தது தெரிந்தது. ஒன்று ரத்தக் குழாய்க்கானது, இன்னொன்று தசைக்கானது. தசையில் போடும்போது வலிக்காமல் இருக்க இரண்டாவதில் புரோகெயின் கலந்திருந்தார்கள். கை தவறி எடுத்தது அதைத்தான். புரோகெயினை ரத்தக் குழாயில் ஏற்றுவது ஆபத்து என்று அப்போது எல்லோரும் பயந்த காலம்.

இதன் பிறகு சகோதரர்கள் சும்மா இருக்கவில்லை. பலருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு தடவை ஊசி ரத்தக் குழாயைத் தவறவிட்டு அதன் பக்கத்தில் இறங்கியபோதும் அதே பலன் கிடைத்தது. அப்படியானால் மருந்து ரத்தத்தின் வழியாகப் போய் வேலை செய்யவில்லை, நரம்பைத் தொட்டதால்தான் வேலை செய்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். 1928ல் கட்டுரை வெளியிட்டார்கள். புரோகெயினுடன் காஃபீனைச் சேர்த்து இம்ப்லெட்டால் என்ற மருந்தை பேயர் நிறுவனம் கொண்டுவந்தது.

இரண்டாவது சம்பவம்தான் இந்த மருத்துவத்துக்கு உயிர் கொடுத்தது. 1940. ஒரு பெண்மணிக்கு வலது தோள் இறுகி வலித்தது. நாம் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறோமே, அந்த மாதிரி. ஃபெர்டினாண்ட் தோளைச் சுற்றி எத்தனையோ ஊசி போட்டும் பலனில்லை. சில வாரம் கழித்து அதே பெண்மணி, இடது காலில் பழைய எலும்புச் சீழ் ஆபரேஷன் தழும்பு சிவந்து அரிக்கிறது என்று வந்தார். அவர் அந்தத் தழும்பைச் சுற்றி ஊசி போட்டார். போட்ட நொடியில் வலது தோள் தாராளமாகத் தூக்க வந்தது. வலியும் இல்லை. ஜெர்மனில் இதை 'நொடி நிகழ்வு' என்று சொல்கிறார்கள்.

அவர் இதற்கு விதியும் வகுத்தார். தழும்பில் ஊசி போட்டதும், உடம்பின் அமைப்பு இடம் கொடுக்கிற அளவுக்கு வலி முழுசாகப் போக வேண்டும். குறைந்தது 20 மணி நேரம் வலி இல்லாமல் இருக்க வேண்டும், பல் பகுதி என்றால் 8 மணி நேரம். வலி திரும்பினால், அதே இடத்தில் மறுபடி ஊசி போட்டதும் மறுபடி போக வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் அது உண்மையான தொந்தரவுப் புள்ளி. ஊசி போட்டதும் 'கொஞ்சம் தேவலை' என்று நோயாளி சொன்னால் இந்த விதிப்படி அது கணக்கில் வராது. இந்தக் கறார்த்தனத்துக்காக எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. புரோகெயின் மரக்கடிப்பது அரை மணி முதல் ஒரு மணி நேரம். ரத்தத்தில் கலந்துவிட்டால் ஒரு நொதி அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். 20 மணி நேரம் வலி இல்லை என்றால் அது மரப்பு இல்லை, வேறு ஏதோ நடக்கிறது என்பது அவருடைய வாதம். வாதத்தின் முதல் பாதி சரி.

வலி தூரமாகப் போய் நிற்கும் என்பதும் கற்பனை இல்லை. பித்தப்பையை லாப்ராஸ்கோப்பியில் எடுத்துவிட்டு வருகிற நோயாளிகள் கண் விழித்ததும் வயிற்றைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், "என் தோளை என்ன செய்தீர்கள்?" என்று கேட்பதுண்டு. வயிற்றுக்குள் ஊதிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்தில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நரம்பு வேர்களில் இருந்து கிளம்புகிறது. தோளின் தோல் உணர்வும் அதே மட்டத்து வேர்களுக்குத்தான் வருகிறது. மூளைக்கு எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாரடைப்பில் இடது கை வலிப்பதும் இதே வகை. ஜான் கென்னடியின் வெள்ளை மாளிகை டாக்டராக இருந்த ஜேனட் ட்ராவல், தசையில் உள்ள ஒரு முடிச்சு எந்தெந்தத் தூரத்துக்கு வலியை அனுப்பும் என்று வாழ்நாள் முழுக்க வரைபடம் போட்டவர். கென்னடியின் முதுகுத் தசைகளில் புரோகெயின் ஊசி போட்டவரும் அவர்தான்.

ஆனால் இந்த எல்லா உதாரணத்திலும் பாதை இருக்கிறது. எந்த நரம்பு, எந்த வேர், எங்கே சேர்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். இடது காலின் தழும்பில் இருந்து வலது தோளுக்கு அப்படி ஒரு பாதையை யாரும் காட்டவில்லை. நியூரல் தெரபி நூல்கள் இந்த இடத்தில் 'தன்னியக்க நரம்பு மண்டலம் உடம்பு முழுக்கப் பரவியிருக்கிறது' என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையது என்று சொல்லிவிட்டால், எந்தத் தழும்பு எந்த வலிக்குக் காரணம் என்று எதையும் சொல்லலாம். தவறு என்று நிரூபிக்க வழியே இருக்காது. என்னைப் பொறுத்தவரை நியூரல் தெரபியின் பெரிய பலவீனம் இதுதான்.

ஒருவருக்கு ஊசி போட்டதும் வலி போனது என்பது ஒரு செய்தி. அதை நான் சந்தேகப்பட மாட்டேன். என் கூட வேலை செய்யும் அக்காவின் இடுப்பு வலி போனது உண்மை, ஹூனெகேயின் சகோதரிக்குத் தலைவலி நின்றதும் உண்மையாகவே இருக்கட்டும். அந்த மருந்தால்தான், அந்த இடத்தில் போட்டதால்தான் போனது என்பது வேறு செய்தி. அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். நாள்பட்ட வலி ஏறும், இறங்கும். தாங்க முடியாத நாளில்தான் நாம் டாக்டரிடம் போகிறோம். அதற்கு அடுத்த நாட்கள் எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நிதானமாகப் பேசி, தொட்டுப் பார்த்து, நம்பிக்கையாக ஊசி போடுகிற டாக்டரின் கையால் குறைகிற வலியும் நிஜமான குறைவுதான். தசை முடிச்சுகளில் ஊசி போடுவதைப் பற்றிய சோதனைகளை எல்லாம் சேர்த்து 2001ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, எந்த மருந்தை ஏற்றினாலும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை, மருந்தே இல்லாமல் வெறும் ஊசி குத்தினாலும் கிட்டத்தட்ட அதே பலன்தான் என்று சொன்னது. அதைப் படித்த பிறகு என் கழுத்து ஒரு வாரம் லேசாக இருந்ததற்கு எத்தனை காரணம் இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தேன்.

மரத்துப்போகிற மருந்தைச் சோதிப்பதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. மாத்திரை என்றால் அதே நிறத்தில் சர்க்கரை மாத்திரை கொடுத்துவிடலாம், நோயாளிக்குத் தெரியாது. இங்கே உண்மையான மருந்து போட்டால் அந்த இடம் மரத்துவிடும், உப்புநீர் போட்டால் மரக்காது. தனக்கு எது கிடைத்தது என்று நோயாளி கண்டுபிடித்துவிடுவார். அதனால் சோதனை கஷ்டம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கஷ்டம் என்பதால் விட்டுவிடலாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நூறு வருஷம் ஆகிவிட்டது. கைவசம் இருப்பவை பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் கதைகளும், ஒப்பிடக் குழுவே இல்லாத சின்ன ஆய்வுகளும்தான்.

இதற்குள் பல் விவகாரம் வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃப்ராங்க் பில்லிங்ஸ் போன்ற மருத்துவர்கள், பல்லிலும் டான்சிலிலும் ஒளிந்திருக்கும் கிருமிதான் மூட்டுவாதம் முதல் சிறுநீரக நோய் வரை எல்லாவற்றுக்கும் காரணம் என்றார்கள். நல்ல பற்களைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கினார்கள். நியூ ஜெர்சியில் ட்ரென்டன் மனநல மருத்துவமனையை நடத்திய ஹென்றி காட்டன், பைத்தியம் தெளிய வேண்டும் என்று நோயாளிகளின் பற்களையும், பிறகு குடலையும்கூட வெட்டி எடுத்தார். பலர் செத்தார்கள். ஹூனெகேயின் 'தொந்தரவுப் புள்ளி' என்ற எண்ணம் இந்தக் காற்றில்தான் வளர்ந்தது. ஒரு நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்: பல்லைப் பிடுங்குவதை விட, பல்லருகே ஊசி போட்டுப் பார் என்பது எவ்வளவோ மென்மையான வழி. ஆனால் அதே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, வேர் சிகிச்சை செய்த பல்தான் உன் முட்டி வலிக்குக் காரணம், அதைப் பிடுங்கு என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊசியின் மரப்பு விட்டுவிடும், பிடுங்கிய பல் முளைக்காது.

இதை எல்லாம் மீறி மக்கள் ஏன் இதைத் தேடிப் போகிறார்கள்? ஸ்விட்சர்லாந்தில் 1999 முதல் 2005 வரை நியூரல் தெரபி உட்பட ஐந்து மாற்று மருத்துவங்களுக்குக் கட்டாயக் காப்பீடு தற்காலிகமாகப் பணம் கொடுத்தது. பிறகு நிறுத்தினார்கள். 2009ல் மக்கள் வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் மாற்று மருத்துவத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். அந்த ஓட்டை வெறும் அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியாது. முதுகு வலியோடு வருகிற பெண்ணிடம் எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி, "இதில் ஒன்றுமில்லை" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறோம். ஒன்றுமில்லை என்றால் வலியும் இல்லை என்றுதான் அவருக்குக் கேட்கிறது. வீட்டுக்குப் போனால் வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். பிரசவத்தில் எங்கே கிழிந்தது, அந்தத் தையல் இன்னும் இழுக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டால், அவர் சொல்கிற கோட்பாடு எதுவாக இருந்தாலும் அந்தப் பெண் மறுபடி அவரிடம்தான் போவார். அந்தக் கேள்விகளை வாங்கிக்கொள்ள நாம் அந்தக் கோட்பாட்டையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை. தழும்பைத் தொட்டுப் பார்ப்பதற்கு நியூரல் தெரபி சான்றிதழ் தேவையா என்ன?

சரி, டான்சில் ஊசியை ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு வருகிறேன். தோலுக்குள் போடும் தடிப்புகளைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. ஆழமாகப் போகிற ஊசிகளைப் பற்றித்தான் பயம். டான்சில் படுகைக்கு அருகே மூளைக்குப் போகும் பெரிய தமனி ஓடுகிறது. கழுத்தில் உள்ள ஸ்டெல்லேட் நரம்பு முடிச்சுக்குப் பக்கத்திலும் அப்படியே. அந்தத் தமனிக்குள் ஓரிரு மில்லி தவறி இறங்கினாலே நோயாளிக்கு அந்த நிமிடமே வலிப்பு வரலாம். மார்புப் பகுதியில் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் உறையில் காற்று புகலாம். இந்த இடங்களில் நாங்கள் மருத்துவமனையில் ஊசி போடும்போது அல்ட்ராசவுண்ட் திரை ஓடும், இழுத்துப் பார்த்து ரத்தம் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போகும், ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டே இருக்கும்.

அளவும் முக்கியம். அட்ரினலின் கலக்காத லிடோகெயினுக்கு, கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் என்பது வழக்கமான மேல் எல்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 270 மில்லிகிராம். ஒரு சதவீதக் கரைசலில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம், ஆக 27 மில்லி. தடிப்பு தடிப்பாக, தழும்பு தழும்பாகப் போட்டுக்கொண்டே போனால் இந்தக் கணக்கை யாராவது வைத்திருக்க வேண்டும். அளவு மீறினால் முதலில் நாக்கு மரக்கும், வாயில் உலோகச் சுவை வரும், காதில் ரீங்காரம் கேட்கும், பேச்சு குழறும். அப்புறம் வலிப்பு, அப்புறம் இதயம் நிற்கலாம். எங்கள் தியேட்டர் அலமாரியில் பால் மாதிரி வெள்ளையாக 20 சதவீத லிபிட் எமல்ஷன், அதாவது கொழுப்புக் கலவை, பாட்டில் எப்போதும் இருக்கும். மரப்பு மருந்து இதயத்தைப் பிடித்துவிட்டால் காப்பாற்றுவது அதுதான். 1998ல் எலிகளில் பலன் தெரிந்து, 2006ல் முதல் தடவையாக ஒரு மனிதரை மீட்டதாகப் பதிவானது. அந்தக் குடும்ப டாக்டரிடம் கேட்டேன். ஆக்சிஜன் இருந்தது, அவசர மருந்துப் பை இருந்தது, இந்தப் பாட்டில் இல்லை. மறைக்காமல் சொன்னார். தோல் தடிப்புக்கு அங்கே இருந்தவை போதும் என்பது என் எண்ணம். கழுத்தில் ஆழமாகப் போடும் ஊசிக்குப் போதாது.

நம்மூரில் ஜைலோகெயின் போடும் முன் டெஸ்ட் டோஸ் போடுவது வழக்கம். ஜெர்மனியில் அது இல்லை. லிடோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது என்பதால். ஆனால் நியூரல் தெரபிக்காரர்களுக்குப் பிடித்த புரோகெயின் வேறு குடும்பம். உடம்பில் உடையும்போது அதிலிருந்து வருகிற பாபா என்ற பொருள் சிலருக்கு ஒவ்வாது. அந்த வகையில் ஒவ்வாமை லிடோகெயினை விட அதிகம்.

இந்தக் கதையில் நான் அதிகம் யோசித்தது, ஒரே காலத்தில் கிளம்பிய இரண்டு பாதைகளைப் பற்றி. ஹூனெகே தன் சகோதரிக்கு ஊசி போட்டதற்கு அடுத்த வருஷம், 1926ல், ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கார்னெட் என்ற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். வயிற்று வலி என்று வருகிற பலருக்கு வலி வயிற்றுக்குள் இல்லை, வயிற்றுச் சுவரில் இருக்கிறது என்றார். அதைக் கண்டுபிடிக்க அவர் சொன்ன வழிக்கு ஒரு விரல் போதும். நோயாளியைப் படுக்கவைத்து வலிக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொள்ள வேண்டும். தலையையும் தோளையும் கொஞ்சம் தூக்கச் சொல்ல வேண்டும். வயிற்றுத் தசை இறுகும். வலி உள்ளே இருந்தால், இறுகிய தசை விரலைத் தடுத்துவிடும், வலி குறையும். சுவரில் இருந்தால், வலி கூடும்.

வயிற்றுச் சுவரின் தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வரும் சின்ன நரம்பு அந்தத் துளையில் சிக்கிக்கொள்வதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். சில சமயம் ஆபரேஷன் தழும்பின் ஓரத்தில் நரம்பு மாட்டிக்கொள்ளும். சிசேரியன் ஆனவர்களுக்கும் இது வரும். இவர்கள் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்து, எண்டோஸ்கோப்பி பண்ணி, சிலர் அப்பெண்டிக்ஸையே எடுத்துவிட்டு, கடைசியில் 'உனக்கு மனசுதான் காரணம்' என்று கேட்டுவிட்டு வருவார்கள். அந்த ஒரு புள்ளியில் லிடோகெயின் போட்டால் சில நிமிடத்தில் வலி அடங்கும். இதை நெதர்லாந்தில் 48 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து 2013ல் வெளியிட்டார்கள். சீட்டுக் குலுக்கிய மாதிரிப் பிரித்து, பாதிப் பேருக்கு லிடோகெயின், பாதிப் பேருக்கு உப்புநீர். லிடோகெயின் குழுவில் வலி அடங்கியவர்கள் தெளிவாக அதிகம்.

இங்கேயும் மரத்துப்போகும் மருந்துதான், ஊசி அதே ஊசி, தழும்பும் அதேதான். ஆனால் இங்கே எந்த நரம்பு என்று தெரியும், உப்புநீரோடு ஒப்பிட்டாகிவிட்டது, பலன் இல்லையென்றால் 'அடுத்த தழும்பைப் பார்ப்போம்' என்று ஓட மாட்டார்கள், நோயறிதலை மாற்றுவார்கள். தழும்பு வலி என்று வருகிறவர்களுக்கு நான் எங்கள் மருத்துவமனையில் சண்டை போட்டுக் கேட்பது இதைத்தான். ரவுண்ட்ஸில் ஒரு நோயாளி, ஆபரேஷன் ஆகி வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் வலிக்கிறது என்றால், படம் எடுக்கும் முன் விரலை வைத்துப் பாருங்கள் என்பேன். இளம் டாக்டர்களில் சிலருக்கு இந்தச் சோதனையின் பெயரே தெரியவில்லை.

என் கழுத்து வலிக்குக் கடைசியில் உதவியது பிசியோதெரபியும், நோயாளியைத் தூக்குவதற்கு வார்டில் மெஷினைப் பயன்படுத்தியே தீருவேன் என்று பிடிவாதமாக நின்றதும். நியூரல் தெரபி டாக்டரிடம் அதற்குப் பிறகும் சளி, காய்ச்சலுக்குப் போகிறேன். கேட்டுக்கொள்ளும் டாக்டரை யார் விடுவார்கள்.

போன மாதம் அத்தை ஊரிலிருந்து பேசினார். என் மாமியார், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. "அங்க ஏதோ மரத்துப்போற ஊசி போட்டா முட்டுவலி உடனே போயிருமாமே, நெசமாம்மா? இங்கயும் ஒருத்தர் போடுறாராம்." அந்த 'ஒருத்தர்' முட்டிக்குள் போடுவது வேறாக இருக்கலாம் என்று விளக்கினேன். நம்மூரில் மூட்டுக்குள் போடுவது பெரும்பாலும் ஸ்டீராய்டும் லிக்னோகெயினும் கலந்த ஊசி. அது சில வாரம் கேட்கும், அடிக்கடி போடக் கூடாது. அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதையும் சொன்னேன். மருந்தின் பெயர், எத்தனை மில்லி, ஊசி இறங்கும் இடம், இந்த மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள் அத்தை, எழுதித் தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள் என்றேன். தொடைத் தசைக்கான பயிற்சியை வீடியோ காலில் நானே காட்டிக்கொடுத்தேன். இப்போது காலையில் செய்கிறார், சில நாள் விட்டும் விடுகிறார். சீட்டு இன்னும் வரவில்லை, ஊசியும் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை.